டாசன்ஸ் க்ரீக்: ஜோயி பாட்டரின் முதிர்ச்சி எங்கே தொடங்குகிறது?

கேள்வி: மாலைவாசகி

வணக்கம் நண்பர்களே. 1998 ஜனவரியிலிருந்து 2003 மே வரை அமெரிக்காவின் டபிள்யூபி அலைவரிசையில் ஒளிபரப்பான டாசன்ஸ் க்ரீக் தொடரை அண்மையில் முழுமையாகப் பார்த்து முடித்தேன். கேட்டி ஹோம்ஸ் நடித்த ஜோயி பாட்டரைப் பற்றி ஒரு கேள்வி மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

தொடக்கத்தில் அவள் அசல் டாம்பாய். தொளதொளவென்ற உடைகளில், ஓடையைத் தானே துடுப்புப் போட்டுக் கடந்து வந்து, ஏணி வழியாகச் சிறுவயது நண்பன் டாசனின் அறைச் சன்னலுக்குள் ஏறிக் குதிக்கிறவள். யார் என்ன சொன்னாலும் சுருக்கென்று பதில் கொடுப்பவள். முதல் சீசனின் 12ஆவது எபிசோடில் அவள் ஊர் அழகிப் போட்டிக்காக அலங்கரித்துக்கொண்டு மேடையேறுகிறாள். டாசன் அவளை முதன்முறையாகப் பார்ப்பவன்போல் பார்க்கிறான். அதன் பிறகு கேமராவும் அவளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆண்பிள்ளைபோல் திரிந்த ஒரு பெண் வளர்வது என்றால், ஓர் ஆணின் கண்ணுக்கு அழகியாகத் தெரியத் தொடங்குவதுதான் என்று இத்தொடர் சொல்கிறதா? அல்லது அவளுடைய வளர்ச்சியைக் கதை வேறு இடத்தில் வைத்திருக்கிறதா? தொடரை நன்கு அறிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: ஓடைக்கரை

அந்தப் போட்டியில் அவள் ஏன் சேர்கிறாள் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அழகியென்று பெயர் வாங்கும் ஆசை அவளுக்கு இல்லை. பரிசுப் பணம் கல்லூரிப் படிப்புக்கு உதவும் என்பதே காரணம். தாய் புற்றுநோயில் இறந்துவிட்டார். தந்தை போதைப்பொருள் வழக்கில் சிறையில் இருக்கிறார். அக்கா பெஸ்ஸிதான் ஐஸ்ஹவுஸ் என்ற சிறிய உணவகத்தை நடத்தியபடி, கைக்குழந்தையோடு தங்கையையும் சேர்த்து வளர்க்கிறாள். பள்ளி முடிந்ததும் ஜோயி அங்கே மேசைகளுக்கு உணவு பரிமாறப் போகிறாள். மேடையிலிருந்து இறங்கியபின் டாசன் தன் மனமாற்றத்தைச் சொல்ல வரும்போது அவள் மகிழ்ந்துவிடவில்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். இது வெறும் உதட்டுச்சாயமும் தலையலங்காரமும்தான், நாளை நான் பழைய ஜோயியாகத்தான் இருப்பேன் என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். நீங்கள் இப்போது கேட்கும் கேள்வியை அந்தக் காட்சியிலேயே அவள் கேட்டுவிடுகிறாள்.

என் பார்வையில் அவள் உண்மையாக முதிர்வது இரண்டாம் சீசனின் இறுதியில். சிறையிலிருந்து வெளியே வந்த தந்தை மைக், மறுபடியும் அதே தொழிலில் இறங்குகிறார். ஐஸ்ஹவுஸ் தீக்கிரையாகிறது. உண்மையை அறிந்த டாசன் அவளிடம் வந்து சொல்கிறான். தந்தையின் வாயிலிருந்தே ஒப்புதலைப் பெறுவதற்காக, ஒலிப்பதிவுக் கருவியை உடலில் மறைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நிற்கிறாள் அந்தப் பெண். இத்தனை ஆண்டுகள் ஊராரின் ஏச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு, அப்பா ஒருநாள் திருந்தி வருவார் என்று காத்திருந்தவள் அவள். அந்த அப்பாவைத் தன் கையாலேயே மீண்டும் சிறைக்கு அனுப்ப வேண்டிய நிலைக்கு ஆளாகிறாள். சரியானதைச் செய்யச் சொன்ன டாசனை அவளால் அப்போது மன்னிக்கவும் முடியவில்லை. இளையோர் தொடர்களில் பெண் கதாபாத்திரங்கள் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் யாரைக் காதலிப்பது என்பதைப் பற்றியவை. இது அப்படிப்பட்டதல்ல. குழந்தைப் பருவத்தின் கடைசி நம்பிக்கையைத் தானே அறுத்துக்கொள்வது இது. அந்தக் காட்சியில் அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பது பார்த்தவர்கள் யாருக்கும் நினைவிருக்காது என்றே எண்ணுகிறேன்.

உணவகம் போன பிறகு, மூன்றாம் சீசனில் அக்காவும் தங்கையுமாகத் தங்கள் வீட்டையே விருந்தினர் விடுதியாக மாற்றுகிறார்கள். முதல் சீசனில் துடுப்புப் போட்ட அதே உடலுழைப்பும் பிடிவாதமும்தான் அங்கேயும் வேலை செய்கின்றன.

பதில்: நான்காம் சுவர்

ஓடைக்கரை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் மாலைவாசகியின் ஐயத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. தொடரை உருவாக்கிய கெவின் வில்லியம்சன் இரண்டாம் சீசனோடு விலகிவிட்டார். கடைசி எபிசோடை எழுதத்தான் திரும்பி வந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் கதையின் விசை முழுவதும் ஜோயிக்கு டாசனா, அவனுடைய நண்பன் பேசியா (Pacey) என்ற ஒற்றைக் கேள்விக்குள் போய் அடங்கிவிட்டது. 128 எபிசோடுகளிலும் தோன்றிய ஒரே நடிகர் கேட்டி ஹோம்ஸ். அப்படியிருந்தும் ஜோயியின் நாட்களில் எத்தனை பங்கு இரண்டு ஆண்களின் காயங்களை ஆற்றுவதிலேயே கழிகிறது என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அவளுடைய ஓவியம். இரண்டாம் சீசனில், டாசனின் சினிமாக் கனவுக்கு நிகராகத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற தவிப்பில்தான் அவள் வரையத் தொடங்குகிறாள். தானாகத் தேடிக்கொண்ட ஒன்று என்று அவளுக்கு இருந்தது அது மட்டுமே. மூன்றாம் சீசனில் அவள் பள்ளியில் வரைந்த சுவரோவியம் சிதைக்கப்படுகிறது. பேசிதான் அவளுக்காக ஒரு சுவரை வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறான். அழகான காட்சிதான். ஆனால் கல்லூரிக்குப் போனபின் அந்த ஓவியர் எங்கே போனாள்? சுவர் கொடுத்த ஆணைத் தொடர் மறக்கவில்லை. வரைந்த கையை மறந்துவிட்டது. கல்லூரிக் கட்டணமும் அப்படித்தான்: முதியவர் ப்ரூக்ஸ் டாசனுக்கு விட்டுச்சென்ற பணத்தை அவன் கொடுக்கிறான், அவள் தயக்கத்தோடு ஏற்கிறாள். தன் காலில் நிற்கத் தெரிந்த பெண்ணை, திருப்பங்கள் தேவைப்படும்போதெல்லாம் கடன்பட்டவளாக்கிவிடுகிறார்கள்.

மாலைவாசகி:

இருவருக்கும் நன்றி. ஓவியத்தைப் பற்றி நான்காம் சுவர் எழுதியது என் மனத்தில் உருவில்லாமல் இருந்த குறையைத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. அப்படியானால், முதல் சீசனில் நாம் கண்ட அந்த டாம்பாயின் எந்த அம்சம் கடைசிவரை எஞ்சியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? உடையைக் கேட்கவில்லை; குணத்தைக் கேட்கிறேன்.

பதில்: தென்னல்

அவளுடைய நாக்கு எஞ்சியிருக்கிறது என்பேன். அந்தக் கூர்மை ஆரம்பத்தில் ஒரு தற்காப்பு. முதல் எபிசோடில், நமக்குப் பதினைந்து வயதாகிவிட்டது, இனி ஒரே கட்டிலில் படுத்துறங்க முடியாது என்று டாசனிடம் எடுத்துச் சொல்பவள் அவள்தான். உடல்கள் மாறிக்கொண்டிருப்பதை அவன் ஒத்துக்கொள்ள மறுக்கும்போது, அதை வாய்விட்டுச் சொல்லும் பொறுப்பு அவள்மேல் விழுகிறது. ஆகவே ஆண்பிள்ளைத்தனமாக இருந்தவள், பிறகு பெண்மையை உணர்ந்தாள் என்ற வரிசையே இக்கதைக்குப் பொருந்தாது. அவள் முன்பே உணர்ந்திருந்தாள்; அந்தத் தொளதொள உடைகள் அவள் உணர்ந்ததை மறைத்துக்கொள்ள உதவின. நகரமே அவள் குடும்பத்தைப் பற்றி வம்பு பேசும்போது, பிறர் கண்ணில் படாமல் இருப்பது ஒரு பாதுகாப்பும்கூட.

கடன்பட்டவளாக்கினார்கள் என்று நான்காம் சுவர் சொல்வது நியாயமே. ஆனால் அந்தக் கட்டணத்தை ஏற்கும் தயக்கத்தை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். முதல் சீசனின் ஜோயி யாரிடமிருந்தும் எதையும் வாங்கமாட்டாள். வாங்கினால் இரக்கத்துக்கு உரியவளாகிவிடுவோம் என்ற அச்சம் அவளுக்கு. நான்காம் சீசனில் அதே பெண், தன் மதிப்புக் குறையாமல் ஒருவரின் உதவியைப் பெற முடியும் என்று நம்பத் தொடங்குகிறாள். கையேந்துவதை இழிவாக நினைக்கும்படி வளர்ந்த ஒருத்திக்கு இது சாதாரண வளர்ச்சி அன்று. வேலை செய்வதையும் அவள் நிறுத்தவில்லை: ஆறாம் சீசனில் பாஸ்டனில் கல்லூரி மாணவியாக இருக்கும்போதும் ஒரு மதுக்கூடத்தில் பரிமாறுகிறாள்.

பாரிஸைப் பற்றி இதுவரை யாரும் குறிப்பிடவில்லை. முதல் சீசனின் முடிவில் பாரிஸில் படிக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கிறது. டாசன் தன்னை நேசிக்கிறான் என்று தெரிந்ததும், இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் அதை வேண்டாமென்று விட்டுவிடுகிறாள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டு பாகமான இறுதிப் பகுதிக்கு முந்தைய எபிசோடில் அவள் பாரிஸுக்குப் போகிறாள். யாருக்காகவும் இல்லை, யாருடனும் இல்லை. நிறைவுக் காட்சிகளில் அவள் பேசியைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி ரசிகர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். அந்தத் தேர்வுக்கு முன்பே அவள் தனியாகப் பயணம் போய்வந்து, நியூயார்க்கில் பதிப்பகத்தில் நூல்களைச் செம்மைப்படுத்தும் வேலையில் அமர்ந்துவிட்டாள் என்பதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. மறுபடி பார்ப்பதாக இருந்தால், இரண்டாம் சீசனின் முதல் எபிசோடையும் ஆறாம் சீசனின் 22ஆவது எபிசோடையும் அடுத்தடுத்துப் பாருங்கள், மாலைவாசகி. அழகிப் போட்டியை நடுவில் வைக்காமலேயே அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது தெளிவாகத் தெரியும்.