முறையீடு யாரிடம்?

ஆண்கள் கால்பந்துப் போட்டிகளை நடத்த வரும் பெண் நடுவருக்கு உடல்தகுதித் தேர்வுதான் பெரிய தடை என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இருப்பவற்றுள் நேர்மையான தடை அதுதான். பன்னாட்டு அளவில் ஆண் நடுவர்களுக்கு விதிக்கப்பட்ட அளவையே நாங்களும் எட்டியாக வேண்டும்: 40 மீட்டர் விரைவோட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 விநாடிக்குள், பிறகு 75 மீட்டரை 15 விநாடிகளில் ஓடி, அடுத்த 25 மீட்டரை 18 விநாடிகளில் நடந்து, இதையே 40 முறை செய்ய வேண்டும். அந்த அளவை வைத்தே பயிற்சி செய்து, உள்ளூர் லீக் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறினேன். கடிகாரம் ஆள் பார்ப்பதில்லை.

ஆடுகளத்தில் ஆள் பார்த்தார்கள். நான் நடத்திய முதல் ஆண்கள் போட்டியில் பெனால்டி கொடுத்தவுடன், அணித்தலைவர் என்னைக் கடந்து ஓடி, கோட்டோரம் கொடியுடன் நின்ற துணை நடுவரிடம் முறையிட்டார். அந்தத் துணை நடுவர் என்னைவிட அனுபவம் குறைந்தவர்; ஆனால் ஆண். "நடுவர் அங்கே இருக்கிறார்" என்று அவர் கொடியால் என்னைச் சுட்டிக்காட்டியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், பந்து ஒருவர் கையில் பட்டதை நான் கவனிக்கத் தவறினேன். தவறு என்னுடையதே, பின்னர் ஒளிப்பதிவைப் பார்த்தபோது அதில் ஐயமே இல்லை. என்னோடு பயிற்சி பெற்ற ஆண் நடுவர் இப்படித் தவறினால் அவருக்குக் கண் தெரியவில்லை என்று ஏசுவார்கள்; நான் தவறியபோதோ பெண்களை எதற்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டார்கள். இன்னும் விசிலைக் கையில் எடுக்காத பெண்களின் கணக்கிலும் என் பிழை எழுதப்பட்டது.

2022 டிசம்பர் 1 அன்று, கோஸ்டா ரிகாவும் ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை ஆட்டத்தை பிரான்ஸ் நாட்டு நடுவர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார், துணை நடுவர்கள் நியூசா பாக், கேரன் டியாஸ் ஆகியோருடன் நடத்தினார். ஆண்கள் உலகக் கோப்பையில் களத்தின் மூன்று நடுவர்களும் பெண்களாக இருந்தது அதுவே முதல்முறை. ஆறு கோல்கள் விழுந்த அந்த ஆட்டத்தில் என் கண்கள் அவர் நின்ற இடத்தையும், விசிலுக்கு முன் அவர் எடுத்துக்கொண்ட நொடியையுமே தொடர்ந்தன. அவர் தவறிவிடக் கூடாதே என்று எனக்கு வியர்த்தது.

அடுத்த பருவத்தில் பழைய அணித்தலைவரின் ஆட்டம் மீண்டும் எனக்கு அமைந்தது. ஃபவுல் ஒன்றுக்கு விசில் ஊதியதும், இம்முறை துணை நடுவர் பக்கம் திரும்பாமல், நேராக என்னிடம் வந்து கத்தினார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே மஞ்சள் அட்டையைக் காட்டினேன்.