ஷீப்ஸ்ஹெட் பே மரப்படகு: ஏறியவர்கள் சொல்லுங்கள்

நியூயார்க்கின் ப்ரூக்ளினில், ஷீப்ஸ்ஹெட் பே கரையிலுள்ள எம்மன்ஸ் அவென்யூ படகுத்துறையிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போவார்கள். நான் ஏறியவற்றில் மறக்க முடியாதது ஒரு பழைய மரப்படகு. இப்போது அது ஓடவில்லை.

பார்க்க அழகெல்லாம் கிடையாது. வெள்ளை பெயின்ட் மேல் வெள்ளை பெயின்ட். ஆனால் ஓரத்துக் கட்டையைப் பார்க்க வேண்டும்: முழுக்க இரை வெட்டிய கத்தித் தழும்பு, தூண்டில் நரம்பு உரசி உரசி விழுந்த பள்ளம். பின்மூலையில்தான் பள்ளம் ஆழம். அந்த இடத்துக்காக விடியும் முன்பே வந்து தூண்டிலைக் கட்டி வைத்துவிடுவார்கள் பெரிசுகள்.

டெக்கில் மட்டி உரித்துக்கொண்டிருந்த தாத்தா, "இது சண்டைக்காகக் கட்டின படகு தம்பி" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். கதை விடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக அதே ப்ரூக்ளினில் வீலர் கம்பெனி 83 அடி மரப்படகுகள் 230 கட்டியிருக்கிறது. அதில் 60 படகுகள் 1944-ல் நேசப்படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கரைக்குப் போய், தண்ணீரில் தத்தளித்த 1,400 பேருக்கு மேல் தூக்கிக் காப்பாற்றியிருக்கின்றன. எங்கள் படகு நியூயார்க் பக்கமே ரோந்து சுற்றியதாம், தாத்தாவே சொல்லிவிட்டார்.

போர் முடிந்ததும் உபரி என்று விற்றார்கள். 600 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின் இரண்டு! மீன்பிடிக்கப் போவதற்கு அது கட்டுப்படியாகுமா? டீசல் மாற்றினார்கள். ஒல்லியான உடம்பு மட்டும் மாறவில்லை. பக்கவாட்டு அலையில் அது உருளுகிற உருளலில், காலையில் தின்ற பேகல் ரொட்டி வயிற்றில் நிற்காது.

— — —

பதில்: சரியாகச் சொன்னீர்கள். நான் நியூஜெர்சியில் இப்படி ஒன்றைக் கரையேற்றி நிறுத்தியிருந்தபோது பார்த்தேன். ஆய்வாளர் அங்கங்கே ஆணியைப் பிடுங்கி, துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்தார். இந்தக் கெடுபிடிக்கு வேர் 1951-ல் இருக்கிறது. நியூயார்க் லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியான மன்டாக் முனையருகே பெலிகன் என்ற 42 அடிப் படகு 64 பேரோடு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் சோதனை கட்டாயம் என்று 1956-ல் சட்டமே வந்தது. நான் பார்த்த படகில் பிடுங்கிய ஆணி பாதிக்குமேல் ஊசியாக இளைத்திருந்தது. கேப்டன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த சீசனுக்கு ஃபைபர் படகு வாங்கிவிட்டார். அதிலும் போனேன். ஆட்டம் குறைவு, கழிவறை சுத்தம், மாட்டியது அதே போர்கி மீன்தான்.