இரைப்பையில் ஜிஸ்ட் கட்டி: எண்டோஸ்கோப்பியில் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவின் இரைப்பையில் 2.5 செ.மீ. ஜிஸ்ட் (GIST, செரிமானப் பாதையின் சுவரில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி) கட்டி. தசை அடுக்கிலிருந்து வளர்ந்து, மேலே சவ்வு வழவழவென்று மூடியிருந்ததால் சாதாரண பயாப்ஸியில் எதுவும் சிக்கவில்லை. எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் ஊசி விட்டு எடுத்துத்தான் உறுதி செய்தார்கள்.

ஒரு மருத்துவர் எண்டோஸ்கோப்பியிலேயே எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் லேப்ராஸ்கோப்பிதான் (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை) நல்லது என்கிறார். எண்டோஸ்கோப்பியில் தசையோடு சேர்த்து அறுக்கும்போது இரைப்பைச் சுவரில் ஓட்டை விழுந்தால் கிளிப் போட்டு மூடிவிடுவார்களாம். சரி, அதைவிட எனக்குப் பெரிய பயம், கட்டியின் உறை கிழிந்துவிடக் கூடாதே என்பதுதான். கிழிந்தால் வயிற்றுக்குள் பரவும் ஆபத்து கூடிவிடும்.

எண்டோஸ்கோப்பியில் எடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: கட்டி உடையாமல் முழுசாக வந்ததா? எப்போது சாப்பிட விட்டார்கள்? அப்புறம், செல்கள் பிரியும் வேகத்தைப் பார்த்து இமாட்டினிப் மாத்திரை (ஜிஸ்ட் திரும்ப வராமல் தடுக்கத் தரும் மருந்து) ஏதும் கொடுத்தார்களா? மருத்துவரிடம் நான் கட்டாயம் கேட்க வேண்டியது எது என்றாலும் எழுதுங்கள்.