ஒளிரும் மருந்து போட்டு மார்பக ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க இருக்கீங்களா? நடந்ததைச் சொல்லுங்க

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். 2 வருஷம் முன்னாடி எனக்கு இடது மார்புல கட்டி, மார்பை முழுசா எடுக்காம கட்டியை மட்டும் எடுத்தாங்க. தையல் ஆறி, கையைத் தூக்கி நானே தலை சீவ ஆரம்பிச்ச சமயத்துல ரிப்போர்ட் வந்துச்சு, மார்ஜின் பாசிட்டிவ்னு. எடுத்த சதையோட வெளிப்புறம் பூரா மை தடவித்தான் மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்களாம், அந்த மை மேலயே கேன்சர் செல் இருந்தா உள்ள இன்னும் மிச்சம் இருக்கலாம்னு அர்த்தம். திரும்ப மயக்க மருந்து, திரும்ப அதே தழும்புல கத்தி. முதல் தடவை இருந்த தைரியம் 2வது தடவை சுத்தமா இல்லைங்க, ஸ்ட்ரெச்சர்ல போறப்பவே அழுதுட்டேன். கிட்டத்தட்ட 5 பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப என் தங்கச்சிக்கும் வந்திருக்கு, அவ டாக்டர் ஒரு மருந்தை ஊசியில ஏத்தி, கட்டி எடுத்த இடத்துல லைட் அடிச்சுப் பார்க்கலாம்னு சொல்றாங்க. நான் பட்டது அவ படக்கூடாது. பண்ணிக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க.

செம்பருத்தி:
எனக்குப் பண்ணாங்க அக்கா. மருந்து பேரு பெகுலிசியானின், லூமிசைட்ங்கற பேர்ல வருது, 2024 ஏப்ரல்ல அமெரிக்காவுல எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. ஆபரேஷனுக்கு 3 மணி நேரம் முன்னாடி கைநரம்புல ஏத்துனாங்க (2 மணியிலருந்து 6 மணி நேரத்துக்குள்ள உள்ள பார்த்துடணுமாம்). எடைக்கு ஏத்த அளவு, கிலோவுக்கு 1 மில்லிகிராம், மெதுவா 3 நிமிஷம். ஏத்தி முடிச்சும் நர்ஸ் பக்கத்தை விட்டு நகரல, தொண்டை அரிக்குதா, மூச்சு முட்டுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஏன்னா அபூர்வமா சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம். தங்கச்சிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருந்தா அதை முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க.

டாக்டர் எனக்குப் பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாங்க. மருந்து உடம்புக்குள்ள போறப்ப ஒளிராது, கேன்சர் இருக்கற இடத்துல சில என்சைம் அதிகமா இருக்கும், அது இந்த மருந்தை வெட்டுனாத்தான் ஒளிர ஆரம்பிக்கும். கட்டியை எடுத்தப்புறம் அந்தக் குழிக்குள்ள கையில பிடிக்கற கருவியை வச்சு ஒவ்வொரு பக்கமா பார்ப்பாங்க, எங்க ஒளிருதோ அந்த இடத்துல மட்டும் இன்னும் ஒரு மெல்லிசான துண்டு சீவி எடுப்பாங்க. எனக்கு ஒரு பக்கம் ஒளிர்ந்துச்சு, எடுத்தாங்க, கடைசியில அந்தத் துண்டுல கேன்சரே இல்லை! சும்மா எடுத்துட்டாங்களேன்னு ஒரு நாள் மனசு கேக்கல, ஆனா 2வது தடவை உள்ள போக வேண்டியிருக்கல அக்கா, எனக்கு அது போதும். ஒண்ணு மறந்துட்டேன், அன்னைக்கு யூரின் நீலப்பச்சையா போச்சு. யாரும் முன்னாடி சொல்லாததால பதறிப்போய் பெல் அடிச்சேன், அது மருந்தோட நிறம்தான்.

நீலமலர்:
நான் ஆபரேஷன் தியேட்டர்ல 11 வருஷமா நர்ஸ். நாங்க அதிகமா பார்க்கறது ஐசிஜி, அதாவது இண்டோசயனின் கிரீன்ங்கற ஒளிரும் சாயம். இது 1950கள்லருந்தே மருத்துவத்துல இருக்கு, ஆனா இது கேன்சரைக் கண்டுபிடிக்கறதுக்கு இல்ல, கேன்சர் பரவினா அக்குள்ல முதல்ல போய்ச் சேர்ற நெறிக்கட்டி எதுன்னு காட்டறதுக்கு. கரும்பச்சைப் பொடி, கரைச்சு மார்புக் காம்பைச் சுத்திப் போட்டு கொஞ்ச நேரம் மசாஜ் பண்ணுவோம். மேல இருக்கற பெரிய லைட்டைத் திருப்பிடுவோம், இல்லாட்டி கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. அப்ப ஸ்க்ரீன்ல பார்க்கணும், காம்புல இருந்து ஒரு வெளிச்சக் கோடு தோலுக்கு அடியில மெதுவா ஊர்ந்து அக்குளுக்குப் போகும். எத்தனை கேஸ் பார்த்தாச்சு, இன்னும் அந்த நிமிஷம் தியேட்டர்ல யாரும் பேச மாட்டோம். அக்குள் பக்கம் போனதும் ஆழத்துல மறைஞ்சுடும், மறைஞ்ச இடத்துக்குக் கிட்டத்தான் டாக்டர் கத்தி வைப்பாங்க. மார்பை முழுசா எடுத்து மறுபடி உருவாக்கறவங்களுக்கு தோல்ல ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு பார்க்கவும் இதேதான். ஐசிஜில அயோடின் கலந்திருக்கு, அந்த அலர்ஜி இருந்தா சொல்லிடணும்.

மழைத்துளி, தங்கச்சிக்கு லூமிசைட்னா இதை மட்டும் கேட்டுக்கோங்க: அந்த நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவாங்களா? போட்டா, குழியை லைட்ல பார்த்து முடிச்சப்புறம்தான் போடணும். முன்னாடியே போட்டா வெளிச்சம் சரியா தெரியாது.

நிழல்மரம்:
என் மனைவிக்கு லூமிசைட் போட்டுப் பார்த்தாங்க, எங்கயும் ஒளிரல, எல்லாம் கிளீன்னு வெளிய வந்து சொன்னாங்க. ரிப்போர்ட்ல மார்ஜின் பாசிட்டிவ். அந்த வாரம் வீட்ல யாரும் சரியா தூங்கல. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன், அனுமதிக்கு முன்னாடி நடந்த பெரிய ஆய்வுல 357 பேருக்குப் பார்த்ததுல 27 பேருக்கு, வழக்கமா எடுத்து முடிச்சும் உள்ள தங்கியிருந்த கேன்சரை இந்த வெளிச்சம் காட்டி எடுத்திருக்காங்க. அந்த 27 குடும்பத்துக்கு அது எவ்வளவு பெருசு! ஆனா அதே ஆய்வுல மிச்சம் இருந்த இடங்கள்ல பாதியைத்தான் அது சரியா காட்டியிருக்கு. இதை எங்ககிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்லியிருந்தா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மனசைத் தயார்ல வச்சிருப்போம். வேண்டாம்னு நான் சொல்லல, நாளைக்கே மறுபடி தேவைப்பட்டாலும் போடுங்கன்னுதான் சொல்வேன், வெளிச்சம் தெரியலன்னா முடிஞ்சுதுன்னு மட்டும் நம்பிடாதீங்க.

மழைத்துளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தங்கச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா சத்தமா படிச்சேன். நிழல்மரம் அண்ணா எழுதுனதை மட்டும் 2 தடவை படிக்கச் சொன்னா. நீலச் சாயம், பழைய அலர்ஜி, ரிப்போர்ட் எத்தனை நாள்ல வரும், இது மூணையும் அவளே ஒரு பேப்பர்ல எழுதி ஃபைல்ல வச்சிருக்கா. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கறோம். அண்ணா, அக்கா இப்ப எப்படி இருக்காங்க?

நிழல்மரம்:
2வது தடவை எடுத்ததுல மார்ஜின் கிளீன்மா. ரேடியேஷன் போயிட்டிருக்கு, இன்னும் 6 நாள் பாக்கி. வியாழக்கிழமை என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, அவளும் கேட்டுக்கிட்டே இருக்கா.