இன்ஃபோகிராஃபிக்: ‘விவரப்படம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எண்ணையும் விவரத்தையும் ஒரே படமாக்கிக் காட்டும் இன்ஃபோகிராஃபிக்குக்குத் தமிழ்ச் சொல் தேடி, நம் குழுவில் மூன்று நாளாக ஓடும் இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்த சொற்கள் தகவல் வரைகலை, தகவற்படம், தரவோவியம், விளக்கப்படம், புள்ளிக்கோலம். நான் இன்னொன்றை முன்வைக்கிறேன்: விவரப்படம்.

வேலூரில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். இந்தப் பொருளை வாரத்துக்கு இரண்டு மூன்றாவது செய்து கொடுக்கிறேன். ஆனால் பில்லில் எழுத ஒரு பெயர் இல்லை; ‘டிசைன் – 1’ என்று போடுகிறேன். ஒருவர் வந்து “சார்ட் மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க” என்பார், அடுத்தவர் போஸ்டர் என்பார். போஸ்டரில் கடைப் பெயரும் சிரித்த முகமும் இருந்தால் போதும். இதில் கணக்கு இருக்க வேண்டும், ஒப்பீடு இருக்க வேண்டும், எதற்கு அடுத்து எது என்ற வரிசை இருக்க வேண்டும். பெயர் தெளிவாக இல்லாததால் கேட்பவருக்கும் செய்பவருக்கும் நடுவில் எத்தனையோ வேலை வீணாகிறது. அதனால்தான் இந்தச் சொல் எனக்கு முக்கியம்.

இந்தப் பொருள் எதற்கு உதவும், எங்கே காலை வாரும் என்று பார்த்தால் சொல்லையும் தேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருவது எல்லோருக்கும் தெரியும். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் பெயர்ப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு லாட்ஜ்காரர் என்னிடம் வந்தார். அவருடைய ஃபோனுக்கு நாள் முழுக்க ஒரே நான்கு கேள்விகள்: காட்பாடி ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது, ரூம் என்ன வாடகை, சமைக்க அடுப்பு உண்டா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். வரவேற்பில் இருக்கும் பையனுக்கு வங்காளி தெரியாது, இந்தியும் அரைகுறை.

ஒரே படமாகச் செய்தேன். இடப்பக்கம் ஸ்டேஷன், அப்புறம் பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், லாட்ஜ் வாசல் என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஆட்டோ, பஸ் படம். கீழே ஒரு கட்டில், இரண்டு கட்டில், மூன்று கட்டில் வரைந்து பக்கத்தில் வாடகை. அடுப்புக்கு ஒரு அடுப்பு. எழுத்து வங்காளத்திலும் இந்தியிலும், அதுவும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று சொற்கள்தான். வாட்ஸாப்பில் அனுப்பத் தொடங்கிய பிறகு அந்த ஃபோன்கள் குறைந்தன. ரயிலில் இருந்து இறங்கி, படத்தை ஆட்டோக்காரரிடம் நீட்டி, பேசாமலே வந்து சேர்ந்தவர்களை நானே பார்த்தேன். மொழி தெரியாத ஊரில், உடம்பு சரியில்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்த ஒரு கோடு எவ்வளவு தைரியம்! ஒரு பக்கக் கட்டுரையால் இது முடியாது. இணையத்தில் விற்பவர்களுக்கு இந்தப் படங்கள் பிடித்துப்போனதற்குக் காரணமும் இதுதான்: ஒரு பார்வையில் புரியும், ஒரு தொடுதலில் அடுத்தவருக்குப் போகும்.

போகும் என்பதுதான் தொல்லையும். அடுத்த வருடம் வாடகை ஏறியது. லாட்ஜ்காரர் புதுப் படம் வாங்கிக்கொண்டார். ஆனால் பழைய படம் யார் யாருடைய ஃபோனிலோ சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர், மனைவியின் சிகிச்சைக்கு வந்தவர், பழைய வாடகையைக் காட்டி “இதில் இப்படித்தானே போட்டிருக்கிறது” என்று கேட்டார். அவர் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த பணம் அது. லாட்ஜ்காரர் முகம் சிவக்க என்னைக் கூப்பிட்டார். தப்பு என்னுடையதுதான். படத்தில் தேதியே போடவில்லை. வலைப்பக்கத்தில் எழுதியிருந்தால் திருத்திவிடலாம், கைக்குப் போன படத்தைத் திருத்த முடியாது. அன்றிலிருந்து கீழ் மூலையில் மாதமும் வருடமும், புது விவரம் கிடைக்கும் வலை முகவரியும் போடாமல் எந்தப் படத்தையும் கடையை விட்டு அனுப்புவதில்லை.

இன்னொரு குறை, அளவில் வரும் பொய். காலணி விற்கும் ஒருவருக்காக இன்னொரு இடத்தில் செய்த படம் ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. விற்பனை இரண்டு மடங்கு என்று காட்ட, ஷூ படத்தை உயரத்திலும் இரண்டு மடங்கு, அகலத்திலும் இரண்டு மடங்கு இழுத்திருந்தார்கள். பரப்பு நான்கு மடங்காகிவிட்டது. கண் எண்ணைப் படிப்பதில்லை, பரப்பைத்தான் பார்க்கிறது. வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். 1858 இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர்ச் சாவுகளை மாதவாரியாக விசிறி மடிப்புகள் போல வரைந்து, குண்டடி பட்டு இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே மிக அதிகம் என்று காட்டினார். அதில் ஒவ்வொரு மடிப்பின் பரப்பும் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். படம் அழகாக இருப்பதற்கு முன் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

மற்றவை சுருக்கமாக. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி வலைப்பக்க எழுத்தைப் போல நம்பிப் படிப்பதில்லை; படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை இல்லாவிட்டால், பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆளுயரத்துக்கு நீளும் படம் ஃபோனில் எறும்பெழுத்தாகிவிடும். தேடலில் முன்னால் வர, மற்ற தளங்களிலிருந்து தம் தளத்துக்கு இணைப்பு சேர்ப்பதற்காகவே இவற்றை மூட்டை மூட்டையாகப் பரப்பிய காலமும் உண்டு. அப்படி வரும் இணைப்புகளுக்கு மதிப்பைக் குறைத்தாலும் ஆச்சரியமில்லை என்று அப்போது கூகுள் தேடலில் வேலை பார்த்த மேட் கட்ஸ் 2012 இலேயே சொன்னார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> கோலம் நம் வாசலில் இருப்பது, புள்ளிவிவரத்திலும் புள்ளி இருக்கிறது. புள்ளிக்கோலம் என்பதே பொருத்தம்.

குடியாத்தம் அக்கா எழுதியது. படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவு அழகு. ஆனால் அக்கா, புள்ளிக்கோலம் என்ற பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். மார்கழியில் யாராவது புள்ளிக்கோலம் என்று தேடினால் லாட்ஜ் வாடகை வந்து நிற்கக் கூடாது.

தரவோவியம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் கடை வாசலில் ‘தரவு’ என்றால் பத்தில் எட்டுப் பேர் “எதைத் தரணும்?” என்பார்கள். ஓவியம் என்றதும் கையால் வரைவது என்று எண்ணுகிறார்கள். தகவல் வரைகலை என்பது துறையின் பெயராக இருக்கலாம். ஒரு படத்தைக் கையில் கொடுத்து “இந்தாங்க வரைகலை” என்று சொல்ல வாய் வராது. தகவற்படம் இலக்கணப்படி சரிதான். ஆனால் அந்த ‘ற்’ எழுதுவோரைத் தடுக்கிறது. தகவல்படம், தகவல் படம், தகவற்படம் என்று மூன்று விதமாக எழுதுவார்கள். விளக்கப்படம் பாடப்புத்தகத்தில் இதயத்தின் குறுக்குவெட்டுக்கும் பொருந்தும். அதில் எண் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

விவரம் அப்படியல்ல. “விவரம் சொல்லுங்க”, புள்ளிவிவரம், செலவு விவரம் என்று சந்தையிலும் அலுவலகத்திலும் ஒரே பொருளில் புழங்குகிறது. விவரம் இல்லாத படத்தை விவரப்படம் என்று விற்க எவருக்கும் கூசும். சொல்லே செய்பவரின் கையைப் பிடித்து நிறுத்தும். அதுதான் எனக்கு வேண்டும். கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: விவரப்படக் கலைஞர், அசையும் விவரப்படம், ஊடாடு விவரப்படம்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

வேலூரிலிருந்து

*

தம்பிக்கு,

லாட்ஜ் கதையைப் படித்துவிட்டு என் மகளுக்கும் அனுப்பினேன். சொல்லில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ஈழத்தில் விவரணப்படம் என்றால் ஆவணப்படம். இரண்டும் காதில் நெருங்கி ஒலிக்கும். இன்னொன்று, பாதிப் பேர் ‘விபரம்’ என்று எழுதுகிறார்கள். ‘ற்’ தடுக்கிறது என்று தகவற்படத்தைத் தள்ளிய நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்? தூய தமிழ் பார்ப்பவர்களும் விவரம் வடசொல் என்பார்கள்.

ஒரு செய்தியும் சொல்லிவைக்கிறேன். திருவெழுகூற்றிருக்கை என்ற பழைய பாட்டு வகையில் ஒன்று, இரண்டு, ஒன்று; ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் ஏறி இறங்கி ஏழு வரை போகும். அதைத் தேர் வடிவக் கட்டத்தில் அடைத்துக் காட்டுவார்கள். எண்ணையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும் கண் நமக்குப் புதிதல்ல. ‘தகவற்சித்திரம்’ என்று சித்திரத்தைச் சேர்த்தால் அந்த மரபும் கூட வரும்.

வாலாஜாவிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

தேர்க்கட்டத்தை இந்தக் கோணத்தில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நன்றி. சித்திரம் என்றால் கடைக்கு வருபவர்கள் சுவரில் மாட்டும் படத்தை நினைக்கிறார்கள் ஐயா. அது மட்டும்தான் தயக்கம்.

விவரணப்படம் பற்றிச் சொன்னது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈழத்து நண்பர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள், குழப்பம் வரும் என்று அவர்கள் சொன்னால் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். எழுத்தில் ‘ண’ பிரித்துக் காட்டும், ஒன்று ஓடும் படம், மற்றது நிற்கும் படம். இருந்தாலும் முடிவு அவர்களுடையது.

விபரம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். தகவற்படத்தின் மீது நான் வைத்த குற்றம் இதன் மீதும் பாதி விழுகிறது. ஆனால் விபரம் என்று எழுதுகிறவரும் விவரம் என்பதைத் தடங்கலின்றிப் படிக்கிறார். படத்தின் மாற்று உரையில் இரண்டையும் எழுதிவிட்டால் தேடுகிறவருக்கும் கிடைக்கும். வடசொல் என்பவர்கள் புள்ளிவிவரத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதன் பின்னால் வரத் தயார்.

இன்று காலை ஒரு பில்லில் ‘விவரப்படம் – 1’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, “இதுல போன மாசம் மாத்துன ரேட்டையும் சேத்துடுங்க” என்றார். சேர்த்து, தேதி போட்டு, மாலையில் அனுப்பினேன்.

வேலூரிலிருந்து