'போர்ட்' = பதியம்? செவன்-ஜிப் உதவிப் பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சிறிதாக்கும் செவன்-ஜிப் நிரலின் உதவிப் பக்கத் தமிழாக்கத்தில் 'லினக்ஸில் இயக்குவது' என்ற பகுதியை எழுதியவன் நான். அதில் ஒரு குழப்பம் இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. வாக்கியத்தைத் திருத்தினால் மட்டும் அது தீராது, ஒரு இயங்குதளத்தின் நிரலை இன்னொன்றுக்காக மாற்றி எழுதுவதை ஆங்கிலத்தில் 'போர்ட்' என்கிறார்களே, அதற்கு நம்மிடம் ஒரு சொல்லே இல்லாமல் இருக்கிறது. கொஞ்சம் நீளமான மடல், பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பழைய விண்டோஸ் கணினியில் தட்டிவைத்த கட்டுரைகளை எல்லாம் செவன்-ஜிப்பின் சொந்த வடிவமான 7ஸெட்டில் ஒரே கோப்பாகக் கட்டி பென்டிரைவில் வைத்திருந்தார். மகன் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக்கொடுத்த மடிக்கணினியில் அதைப் பிரிக்க வேண்டும். நம் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். "செவன்-ஜிப்பை லினக்ஸிலும் இயக்கலாம்" என்று ஒரு வரி, அதன் கீழேயே "வைன் வழியாகவும் இயக்கலாம்" என்று இன்னொரு வரி. வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள். இரண்டும் வேறு வேறு வழி என்று எனக்குத் தெரியும், படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் வைனை நிறுவி, விண்டோஸுக்கான செவன்-ஜிப்பை இறக்கி, பழகிய கையோடு சி டிரைவில் பிரித்துவிட்டார். பிரிந்ததாகத்தான் தெரிந்தது, ஆனால் அதன்பிறகு கோப்புகளைக் காணவில்லை. வைன் காட்டுகிற சி டிரைவ், நம் ஹோம் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு கோப்புறைக்குள் இருக்கிறது, புள்ளியில் தொடங்கும் எதையும் லினக்ஸின் கோப்பு மேலாளர் சாதாரணமாகக் காட்டாது. இரண்டு நாள் தேடிவிட்டு என்னை அழைத்து, "எல்லாம் போச்சா தம்பி?" என்றார். கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன், மறைந்திருந்த கோப்புறை தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் பட்ட பாட்டுக்கு என் 'இயக்கலாம்'தான் காரணம்.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு சின்னது இல்லை. வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸுக்காக உருவாக்கிய நிரலை அது மாற்றுவதே இல்லை. அந்த நிரல் விண்டோஸிடம் கேட்பதாக நினைத்து 'இந்தக் கோப்பைத் திற' என்று கேட்கும்போது, அதை லினக்ஸுக்குப் புரிகிற அழைப்பாக அந்த நேரத்திலேயே மாற்றிக்கொடுக்கிறது. நிரலைப் பொறுத்தவரை அது இன்னும் விண்டோஸில்தான் இருக்கிறது, அதனால்தான் அதற்கு சி டிரைவ் தெரிகிறது.

இன்னொன்று, மூலநிரலையே எடுத்து, விண்டோஸை நம்பியிருக்கும் இடங்களை எல்லாம் மாற்றி எழுதி, லினக்ஸின் சொந்த நிரலாகவே ஆக்குவது. இகோர் பாவ்லோவ் 1999-இல் செவன்-ஜிப்பை விண்டோஸுக்காகத்தான் வெளியிட்டார். அதை லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குக் கொண்டுவந்தது பி7ஜிப் என்ற தனித் திட்டம். அது 2016-இல் 16.02 பதிப்போடு நின்றுபோனது. பிறகு 2021-இல் பாவ்லோவே லினக்ஸுக்கான கட்டளைவரி நிரலைத் தரத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இதைத்தான் 'போர்ட்' என்கிறார்கள். நமக்கு இதற்குச் சொல் இல்லை என்பதால்தான் எல்லாவற்றையும் 'இயக்கு' என்று எழுதிவிடுகிறோம்.

இதுவரை இங்கே வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். 'துறை' சரிவராது, அது வலையமைப்பின் போர்ட்டுக்கு ஏற்கனவே போய்விட்டது. அதோடு இங்கே பொருளும் வேறு. 'தளப்பெயர்ப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, மொழிபெயர்ப்பு மாதிரி. ஆனால் தளம் என்றாலே இன்று எல்லோருக்கும் இணையதளம்தான், வலைத்தளத்தை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதாக நினைத்துக்கொள்வார்கள். இலங்கை நண்பர்களுக்கு இன்னொரு சிக்கல், அங்கே பாடநூலில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறார்கள், இயங்குதளம் இல்லை, 'தளம்' எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

தஞ்சைப் பக்கத்து அக்கா சொன்ன 'மறுநடவு' எனக்கு மிகவும் பிடித்தது. சாலையை அகலப்படுத்தும்போது மரங்களை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நட்டால் நாளிதழ்களில் மறுநடவு என்றுதான் போடுகிறார்கள், எல்லோருக்கும் புரியும் சொல். ஆனால் அக்கா, மரத்தை எடுத்துவிட்டால் பழைய இடத்தில் குழிதானே மிஞ்சும்? செவன்-ஜிப் அப்படியில்லை. விண்டோஸில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அங்கேயும் வளர்கிறது, இங்கேயும் வேர் விட்டிருக்கிறது.

அதனால்தான் எனக்குப் 'பதியம்' என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அம்மா மல்லிகைக்குப் பதியம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தாழ இருக்கும் கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகச் சீவிவிட்டு, பக்கத்துத் தொட்டி மண்ணில் அந்தக் கணு புதையும்படி அமுக்கி, கிளை எழும்பாமல் மேலே ஒரு ஓட்டாஞ்சில்லை வைத்துத் தண்ணீர் விட்டுவருவார். சில வாரத்தில் அது சொந்தமாக வேர் பிடிக்கும். அப்புறம்தான் தாய்ச்செடியிலிருந்து வெட்டுவது. தாய்ச்செடிக்கு ஒன்றும் ஆகாது, புதுச்செடியும் அதே மல்லிகைதான், மண் மட்டும் வேறு. போர்ட் என்பது அப்படியே இதுதானே!

மண் வேறு என்பதும் முக்கியம், ஏனென்றால் பதியத்தில் சில குணம் மாறும், அதைப் பயனருக்குச் சொல்லியாக வேண்டும். 7ஸெட் வடிவம் லினக்ஸில் கோப்பின் உரிமையாளர் யார், குழு எது என்பதைச் சேமிப்பதில்லை, அதனால் காப்பெடுக்கிறவர்கள் அந்த விவரங்களையும் சேர்த்து வைக்கும் தார் என்ற வடிவத்தில் முதலில் கட்டிவிட்டுப் பிறகு 7ஸெட் ஆக்க வேண்டும். இன்னொன்று தமிழில் பெயர் வைக்கும் நமக்கே உரியது. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை இரண்டிலும் வேறு: விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் வரம்பு 255 பைட்டுகள். லினக்ஸ் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு ஆகிறது, ஆக 85 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 5 குறியீடுகள், 15 பைட்டுகள். ஆசிரியர் கட்டுரையின் முழுத் தலைப்பையுமே கோப்பின் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர், பிறகு லினக்ஸ் நிரலிலேயே பிரித்துப் பார்த்தபோது இரண்டு கோப்புகள் 'பெயர் மிக நீளம்' என்ற பிழையோடு நின்றன. கட்டின கோப்புக்குள்ளேயே பெயரைச் சுருக்கிவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

வினையாக்கவும் பதியம் வளைந்துகொடுக்கிறது. பதியமிடு, பதியமிட்டார்கள், லினக்ஸ் பதியம், இன்னும் பதியமிடப்படாத நிரல். ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தில் 'போர்ட்ஸ்' என்றே ஒரு பெருந்தொகுப்பு இருக்கிறது, அதைப் பதியங்கள் என்று சொல்லிவிடலாம். பதிப்பு, பதிவு இரண்டோடும் ஒலி நெருங்குகிறதே என்று ஒருவர் கேட்கக்கூடும், நானும் யோசித்தேன். 'லினக்ஸ் பதிப்பு' என்று தவறிப் படித்தாலும் பொருள் பெரிதாகக் கெடாது.

வைன் வழிக்கு என்ன சொல்வது? செடி உவமையிலேயே நின்றால் அது ஒட்டுக்கட்டுவது, ஒட்டுமாங்கன்றில் மேல்தண்டு தன் இனமாகவே இருந்துகொண்டு வேறொன்றின் வேரில் தண்ணீர் குடிக்கிற மாதிரி. உவமை கச்சிதமாக இருக்கிறது, ஆனால் நிரலில் பிழை திருத்தச் சேர்க்கும் பேட்சுக்கு 'ஒட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள், மோதும். அதனால் இப்போதைக்கு 'கம்பேட்டிபிலிட்டி லேயர்' என்பதன் நேர்பெயர்ப்பாக 'இசைவு அடுக்கு' என்றே இருக்கட்டும், இதைவிட நல்லது கிடைத்தால் சொல்லுங்கள்.

கோப்பின் அளவைக் குறைக்கும் 'கம்ப்ரஸ்' என்பதற்கு எந்தச் சொல் என்ற நம் பழைய சண்டையைத் திறக்க விருப்பமில்லை, ஒரே ஒரு வேண்டுகோள். 'அமுக்கு' வேண்டாம். தமிழ்நாட்டில் கோப்பை அமுக்கினான் என்றால் அலுவலகத்தில் யாரோ மறைத்துவிட்டார்கள் என்று பொருள், இலங்கையில் அமுக்கம் என்றால் பௌதிகப் பாடம். 'சுருக்கு' என்றால் உள்ளடக்கம் குறைந்தது போலத் தோன்றும், ஜிப்பிலோ 7ஸெட்டிலோ ஒரு எழுத்துகூடக் குறைவதில்லை. 'இறுக்கு' என்று வைத்து, கட்டிய கோப்பைப் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்டுக்கு 'அவிழ்' என்று எழுதலாம் என்பது என் எண்ணம்.

உதவிப் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிடுவேன்:

"செவன்-ஜிப்புக்கு லினக்ஸ் பதியம் உண்டு. அதை நிறுவி, இறுக்கிய கோப்பை நேரடியாக அவிழ்க்கலாம், வைன் தேவையில்லை. விண்டோஸ் நிரலையே பயன்படுத்த விரும்பினால் மட்டும் வைன் என்ற இசைவு அடுக்கை நிறுவுங்கள். அப்போது சி டிரைவில் அவிழ்க்க வேண்டாம், உங்கள் ஹோம் கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள்."

ஆசிரியரிடம் இதைப் படித்துக் காட்டினேன். பதியம் என்றதும் விளக்கம் கேட்கவில்லை, "இசைவு அடுக்குன்னா என்ன தம்பி?" என்றுதான் கேட்டார்.