எக்ஸ்ட்ரா 300 ஏரோபாட்டிக் மாடல்: பொருத்தியது, சரி செய்தது, பறக்கவிட்டது

48 அங்குல இறக்கை கொண்ட, ரேடியோவில் இயக்கும் எக்ஸ்ட்ரா 300 மாடல் விமானம் ஒன்றை அசெம்பிள் செய்து முடித்து, இந்தக் கோடையில் பொள்ளாச்சிப் பக்கம் வறண்டு கிடக்கும் ஒரு குளத்துத் தரையில் பறக்கவிட்டு வருகிறேன். ஃபோம் டிரெய்னரில் (கற்றுக்கொள்வதற்கான நுரை விமானம்) பழகிவிட்டு அடுத்து வானத்தில் வித்தை காட்டும் ஏரோபாட்டிக் மாடலுக்குப் போக நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டிரான்ஸ்மிட்டர்ல என்னென்ன செட்டிங் வெச்சிருக்கீங்க?" அந்த எண்களையும் கீழே தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மேசையில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். விமானம் கோணலாக இருந்தால் கையிலுள்ள எந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டராலும் அதை நிமிர்த்த முடியாது என்பதைக் களத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

ஏன் எக்ஸ்ட்ரா? ஜெர்மன் விமானி வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்த நிஜ விமானம் 1988-இல் முதன்முதலில் பறந்தது. இறக்கையின் மேல் வளைவும் கீழ் வளைவும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் தலைகீழாகப் பறந்தாலும் குணம் மாறாது. இறக்கை உடலின் நடுவில் அமைந்திருப்பதால் மோட்டார் இழுக்கும் கோடு, இறக்கை, வாலில் கிடையாக உள்ள சிறு இறக்கையான ஸ்டெபிலைசர் மூன்றும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையான ரடரைத் தொட்டால் மூக்கு தாழ்வது, உடல் உருள்வது போன்ற தொல்லைகள் இதனால் குறைவு. ஆனால் டிரெய்னர் போல ஸ்டிக்கை விட்டதும் தானாக நிமிராது, வைத்த நிலையிலேயே போய்க்கொண்டிருக்கும். பொருத்தும்போது விட்ட சின்னக் கோணலைக்கூட வானத்தில் அப்படியே காட்டிவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் பசையைத் தேடாதீர்கள். முதலில் விமானத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமைப் பாருங்கள். நம் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் அது தளர்ந்து சுருக்கம் விழுந்திருக்கும். கவரிங் அயர்னில் (ஃபிலிம் ஒட்டும் சிறு இஸ்திரிப்பெட்டி) பருத்தி உறை மாட்டி, ஓரங்களையும் இணைப்புகளையும் அழுத்தி ஒட்டிய பிறகுதான் நடுப்பகுதிக்குச் சூடு காட்ட வேண்டும். வரிசையை மாற்றினால், நடு இறுகும்போது சரியாக ஒட்டாத ஓரம் பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

அடுத்து ஹிஞ்ச், அதாவது அசையும் பலகைகளை இறக்கையோடும் வாலோடும் இணைக்கும் கீல். சிஏ எனப்படும் சூப்பர் க்ளூ வகைப் பசையில் ஊறும் சிஏ ஹிஞ்சின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்திவைத்தால் இறக்கைக்குள் பாதியும் எய்லரானுக்குள் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பலகை) பாதியும் சமமாகப் போகும். இரண்டையும் நெருக்கிச் சேர்த்து, ஊசியை உருவி, முழு அளவு மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லிய சிஏ பசையைச் சொட்டுச் சொட்டாக இரு பக்கமும் விட வேண்டும். வெள்ளை இழையில் பசை ஊறி நிறம் மாறிக்கொண்டே மரத்துக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கெட்டியான சிஏ இந்த வேலைக்கு ஆகாது, உள்ளே போகாமல் மேலேயே உறைந்துவிடும். காய்ந்த பிறகு ஒவ்வொரு ஹிஞ்சையும் கையால் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். பயந்து பயந்து மெதுவாக இழுத்தால் சோதித்ததாக ஆகாது.

ஸ்டெபிலைசர்தான் என் கணக்கில் மொத்த வேலையின் உயிர்நாடி. எங்கள் களத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் வரைபடத்தை வைத்து மரத்தை அறுத்தே விமானம் செய்கிறவர். யார் புது விமானம் கொண்டுவந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை: "கண்ணு, ரேடியோவக் கீழ வையி. பொறத்தால வந்து நின்னு பாரு." விமானத்தை மேசையில் வைத்து, கார்பன் குழாயில் இறக்கைகளை மாட்டி, பின்னால் சில அடி தள்ளிக் குனிந்து நின்று, ஸ்டெபிலைசரின் கோடும் இறக்கையின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அப்புறம் கொத்தனார் நூல் பிடிப்பது போல, ஃபயர்வாலின் (மூக்கில் மோட்டார் பொருத்தும் பலகை) நடுவில் இழுபடாத நூலைக் கட்டி ஸ்டெபிலைசரின் இரு முனைகளுக்கும் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் நீளம் ஒன்றாக வரும்வரை பசைப் பக்கமே போகவிடமாட்டார். என் விமானத்தையும் அவரை அருகில் வைத்துக்கொண்டுதான் ஒட்டினேன்.

ஒட்டுகிற இடத்தில் ஃபிலிமை நீக்கியாக வேண்டும், ஏனென்றால் பசை மரத்தைப் பிடிக்க வேண்டும். பலர் பிளேடால் கோடு போட்டு உரிப்பார்கள். பிளேடு ஃபிலிமோடு நிற்காமல் அடியிலுள்ள மெல்லிய பால்சா மரத்தையும் கீறிவிடும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரை வேகமாக இழுக்கும்போது சரியாக அந்தக் கீறலில்தான் ஸ்டெபிலைசர் ஒடியும். அதற்குப் பதில் சூடான சால்டரிங் அயர்ன் நுனியை அழுத்தாமல் ஓட்டினால் ஃபிலிம் மட்டும் உருகிப் பிரியும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பசைக்கு 30 நிமிட எபாக்ஸி நல்லது. 5 நிமிட எபாக்ஸியில் நூல் பிடித்துச் சரிபார்க்க அவகாசம் கிடைக்காது.

மோட்டாரைப் பொருத்தும்போது அது கொஞ்சம் வலப்பக்கமும், சில மாடல்களில் சற்றுக் கீழேயும் பார்க்கும். அது தொழிற்சாலைக் கோணல் என்று நினைத்து வாஷர் வைத்து நேராக்கிவிடாதீர்கள். புரொப்பல்லர் சுற்றும்போது மூக்கு இடப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்ட வேண்டுமென்றே வைத்த சாய்வு அது. உலோகத்தில் உலோகம் சேரும் ஒவ்வொரு திருகுக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு துளி போதும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றி மாட்டினால் சரி. இந்த வேலைகள் முடியும்வரை புரொப்பல்லர் வேறு அறையில் இருக்கட்டும்.

இனி சர்வோ, அதாவது பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார். இங்கேதான் பொறுமை வேண்டும். விமானத்திலுள்ள ரிசீவரை ஆன் செய்து, டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் டிரிம், சப்-டிரிம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, சர்வோ நடுவில் நிற்கும்போது அதன் கை, பலகையைத் தள்ளும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்குத்தாக வர வேண்டும். கை மாட்டும் தண்டில் 25 பல் உள்ள சர்வோவில் ஒரு பல் நகர்ந்தால் 14.4 பாகை மாறிவிடும், அது பெரிய தாவல். ஆனால் நான்கு கை உள்ள ஆர்ம் இருந்தால் ஒரு வழி உண்டு. 25 என்பது நான்கால் மீதியில்லாமல் வகுபடாது. அதனால் ஒவ்வொரு கையும் கால் பல், அதாவது 3.6 பாகை தள்ளி நிற்கும். நான்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, 90 பாகைக்கு மிக நெருக்கமாக வரும் கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிட்டேன். மீதியிருந்த சின்ன வித்தியாசத்துக்குத்தான் சப்-டிரிம்.

அசையும் பலகையில் நிற்கும் ஹார்னில், புஷ்ராடின் முனைக் கொக்கியான கிளெவிஸ் மாட்டும் ஓட்டை ஹிஞ்சுக் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முன்னோ பின்னோ தள்ளியிருந்தால் மேலே போகும் அளவும் கீழே வரும் அளவும் வேறுபடும். இன்னொன்று, டிரான்ஸ்மிட்டரில் டிராவலை (சர்வோ அசையும் அளவை) 50 சதவீதத்துக்குக் குறைத்து அசைவைச் சரிக்கட்டாதீர்கள். தேவையான அதிகபட்ச அசைவு 100 சதவீதத்தை ஒட்டி வரும்படி ஓட்டையைத் தேர்ந்தெடுத்தால் சர்வோவின் முழு வலுவும் நுட்பமும் கிடைக்கும்.

கேட்ட எண்கள் இதோ. லோ ரேட்டில் (குறைந்த அசைவு) எலிவேட்டர் 12 பாகை, எய்லரான் 18, ரடர் 25, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் செட்டிங்) 25 சதவீதம். ஹை ரேட்டில் (பெரிய அசைவு) எலிவேட்டர் 45, எய்லரான் 33, ரடர் 40, எக்ஸ்போ 55 சதவீதம். இவை என் கைக்கு ஒத்து வந்தவை, உங்கள் கைக்கு மாறலாம். எடை மையத்துக்குக் கையேட்டில் கொடுத்த வரம்பின் முன் எல்லையில் தொடங்குங்கள், பேட்டரியைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். இடவல எடையையும் பார்க்க வேண்டும். ஸ்பின்னரையும் வாலையும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை சாய்கிறதோ அதற்கு எதிர்முனையில் சிறு எடை ஒட்டினால் போதும்.

முதல் பறத்தலை விடிந்ததும் வைத்துக்கொண்டேன். சிக்னல் எட்டும் தூரத்தைப் பார்க்கும் ரேஞ்ச் செக் முடித்து, டிரான்ஸ்மிட்டர் அணைந்தால் மோட்டார் நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் புரொப்பல்லரை மாட்டினேன். எய்லரானுக்கு டிரிம்மில் இரண்டு கிளிக், வேறெதுவும் தேவைப்படவில்லை. அந்த நிமிடம் பெரியவரின் நூலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

எடை மையத்துக்கு அவர் சொன்ன சோதனை எல்லோரும் செய்ய வேண்டியது. 45 பாகையில் ஏறும்போது விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி எலிவேட்டரை விட்டுவிட வேண்டும். மூக்கு சட்டென்று தரையை நோக்கி இறங்கினால் முன் எடை அதிகம். கோட்டிலேயே கொஞ்ச தூரம் போய் மெல்லத் தாழ்ந்தால் நல்ல இடம். மூக்கு மேலே தூக்கினால் பின் எடை அதிகம், உடனே இறக்கிவிடுங்கள். எனக்கு முதலில் முன் எடை காட்டியது. பேட்டரியை விரலகலம் பின்னால் தள்ளியதும் கோடு நீண்டது. நைஃப் எட்ஜில் (ஒரு இறக்கை வானத்தையும் மற்றது தரையையும் பார்க்கப் பறப்பது) மட்டும் வயிற்றுப் பக்கம் லேசாக இழுக்கிறது, அதற்கான மிக்ஸிங் (ஒரு பலகையோடு இன்னொன்றையும் தானாக அசைக்கும் செட்டிங்) இனிமேல்தான்.

* * *

மறுமொழி

அருமையான பகிர்வு அண்ணா. நான் கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தபோது கன்ட்ரோல் லைன் மாடல்களில் தொடங்கியவன். கையில் ஒரு பிடி, அதிலிருந்து இரண்டு கம்பி, விமானம் நம்மைச் சுற்றி வட்டமடிக்கும். எலிவேட்டர் மட்டும்தான் கட்டுப்பாடு. அங்கே சொல்லிக்கொடுத்தது இன்றும் கூடவே வருகிறது: புஷ்ராட் மாட்டும் முன் எலிவேட்டரைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். சிஏ ஹிஞ்சில் அவ்வளவு தளர்வு வராது. ஆனாலும் எங்கேயாவது உரசுகிறதா, ஒரு பக்கம் மட்டும் இறுக்கமா என்று விரல் நுனியில் தெரிந்துவிடும். இறுகிய ஹிஞ்சோடு மாட்டினால் சர்வோ நடுவுக்குத் திரும்பாமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும், டிரிம் செய்தே ஆயுசு போய்விடும்.

ஃபிளட்டர், அதாவது பலகை தானாகப் படபடப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் நண்பர் ஒருவர் முழு திராட்டிலில் (மோட்டார் முழு வேகத்தில்) செங்குத்தாக இறங்கும்போது எய்லரானிலிருந்து 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வுச் சத்தம். ஒருமுறை கேட்டால் மறக்காது. அவர் உடனே திராட்டிலைக் குறைத்து, மெதுவாக இழுத்து, பத்திரமாக இறக்கிவிட்டார். பார்த்தால் ஹார்னின் ஓட்டை தேய்ந்து, கிளெவிஸ் ஊசி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் சர்வோ கையைப் பிடித்துக்கொண்டு எய்லரானை ஆட்டிப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

* * *

மறுமொழி

நான் சென்னையில், கடற்கரையை ஒட்டிய ஒரு திடலில் பறக்கவிடுகிறேன். உங்கள் குளத்துத் தரையைப் படித்ததும் பொறாமையாக இருக்கிறது. இங்கே உப்புக் காற்றில் ஃபிலிம் ஓரங்கள் சீக்கிரமே எழும்பும், பால்சா ஈரம் இழுக்கும். விமானத்தைப் பெட்டியில் சிலிகா ஜெல் பைகளோடு வைக்கிறேன். மணலில் இறக்கினால் கறுப்புத் துகள்கள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டியிருக்கும். புல் இருக்கும் பக்கமாக மட்டும் இறக்குவதென்று வைத்துக்கொண்டேன். ஹிஞ்சு இடைவெளியைக் கண்ணாடி டேப்பால் மூடியதில் எய்லரானின் பதில் நன்றாகவே கூர்மையானது, செய்து பாருங்கள்.

ஒரு கேள்வி. கடல் காற்றுக்காக, விமானத்தை ஆடாமல் பிடிக்கும் ஜைரோ உள்ள ரிசீவர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன? அப்புறம், அனுமதி விஷயம் எப்படி?

* * *

பதில்

தம்பி, ஹார்ன் ஓட்டை விஷயம் எல்லோரும் படிக்க வேண்டியது, நன்றி. சென்னை நண்பருக்கு: ஜைரோவை வாங்குங்கள், ஆனால் முதல் சில பறத்தல்களை அதை அணைத்துவைத்துச் செய்யுங்கள். ஜைரோ ஓடும்போது 45 பாகைச் சோதனை செய்தால், பின் எடையை அதுவே தாங்கிப் பிடித்து நல்ல விமானம் போலக் காட்டிவிடும். எடை மையமும் டிரிம்மும் முடிந்த பிறகு ஜைரோவைக் குறைந்த அளவில் சேர்க்கலாம். திசையைத் தரையிலேயே சரிபார்ப்பது கட்டாயம். மூக்கைக் கையால் சட்டென்று மேலே தூக்கினால் எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும். வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்தினால் வலது எய்லரான் கீழே வர வேண்டும். இதற்கு நேர்மாறாக அசைந்தால் விமானத்தை ஒரு அடிகூட ஓடவிடாதீர்கள்.

அனுமதிக்கு: 2021 ட்ரோன் விதிகளில், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல்கள் தனி வகை. ஆனாலும் மண்டல விதி நமக்கும் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் திடல் பச்சை மண்டலமா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். கோவையில் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் நாங்கள் இவ்வளவு தூரம் தள்ளி வருகிறோம்.

வைகாசி பாதியிலேயே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் வேகமெடுத்துவிடும், ஆடி முடியும்வரை 48 அங்குல விமானத்தை வெளியே எடுக்க முடியாது. அதற்குள் நைஃப் எட்ஜ் மிக்ஸிங்கை முடிக்கப் பார்க்கிறேன். ரடரிலிருந்து எலிவேட்டருக்கு எத்தனை சதவீதம் வந்தது என்பதை இரு பக்கத்துக்கும் தனித்தனியாக இங்கேயே போடுகிறேன்.